இரு புள்ளிகளுக்கிடையே

நம்மவர் மின்சாரத்தைக் குறித்துப் பேசும்போது வழங்கும் சொல் பெரும்பாலும் ஒன்றே. அது "கரண்டு" என்பது. விளக்கு எரிந்தால் கரண்டு வந்துவிட்டது என்பர். அணைந்தால் கரண்டு போய்விட்டது என்பர். கம்பியைத் தொட்டு அதிர்ந்தவனைக் கரண்டு அடித்துவிட்டது என்பர். சுவரிலுள்ள பிளக்கில் யாதொரு கருவியும் செருகப்படாது வாளா இருக்கும் வேளையிலும், "அதில் கரண்டு இருக்கிறது, தொடாதே" என்று குழந்தையை விலக்குவர். விலக்குதல் சாலவும் நன்று, சொல்தான் பொருந்தவில்லை. கரண்டு என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஓட்டம் என்பதே பொருள். கருவி செருகப்படாத பிளக்கில் ஓட்டம் ஏது? ஆண்டு இருப்பது ஓட்டமன்று. வழி கிடைத்தால் ஓட்டத்தை உண்டாக்கவல்ல ஒன்று. அதனையே நூலோர் மின்னழுத்த வேறுபாடு என்று கூறுவர். அதற்கு நம் வீட்டு வழக்கில் தனிப்பெயர் இல்லாமை சிறு குறையாகத் தோன்றலாம். அக்குறை வகுப்பறையிலும் வெளியிலும் எத்துணைத் தொல்லை விளைக்கிறது என்பதை யாம் நேரிற் கண்டிருக்கிறோம்.

யாம் இக்கல்லூரியில் மாணாக்கராய் இருந்து, பின்னர் இதன் பௌதிக ஆய்வுக்கூடத்திலேயே பணி ஏற்றுப் பல்லாண்டு கழித்தோம். ஆண்டுதோறும் புது மாணாக்கர் வருவர். ஆண்டுதோறும் யாம் கரும்பலகையில் ஒரே படத்தை வரைவோம். அதனை ஈண்டுச் சொற்களாலேயே வரைந்து காட்டுகிறோம். நேயர்கள் ஒரு தாளில் வரைந்துகொள்வாராயின் நலம். 12 வோல்ட்டுப் பேட்டரி ஒன்று. அதன் நேர்முனையினின்று புறப்படும் கம்பி இரு கிளைகளாகப் பிரிந்து சென்று, எதிர்முனையில் மீண்டும் கூடுகிறது. இடக்கிளையில் முதலில் 2 ஓம் தடையும், அதனை அடுத்து 4 ஓம் தடையும் உள்ளன. வலக்கிளையில் முதலில் 9 ஓம், அடுத்து 3 ஓம். இடக்கிளையின் இரு தடைகளுக்கும் நடுவிலுள்ள புள்ளிக்குக் "க" என்று பெயரிடுவோம். வலக்கிளையின் நடுப்புள்ளிக்குச் "ச" என்று பெயரிடுவோம். இவ்விரு புள்ளிகளுக்கும் இடையே கம்பி இல்லை, தடை இல்லை. வெறும் வெளியே உள்ளது. இவற்றிடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு யாது? இதுவே வினா.

வகுப்பிற் பாதிப்பேர் "சுழி" என்று விடையிறுப்பர். காரணம் வினவினால், "ஐயா, இரண்டுக்கும் நடுவே கம்பியே இல்லையே. கரண்டு ஓட வழியில்லை. ஓமின் விதிப்படி ஓட்டத்தைத் தடையால் பெருக்கினால் அல்லவா வோல்ட்டு வரும்? ஓட்டம் சுழியானால் வோல்ட்டும் சுழிதானே?" என்பர். விதியைப் பிழையறச் சொல்லிவிடுகின்றனர். அவ்விதி எதனைக் குறித்துப் பேசுகிறது என்பதை மட்டும் நோக்குவதில்லை. ஒரு தடையின் இரு முனைகளைக் குறித்தே அது பேசும். கவுக்கும் சவுக்கும் இடையில் தடையென்று பெயர் சொல்லத்தக்க பொருள் யாதும் இல்லாதபோது, அவ்விதியை அங்கே இழுத்து வந்து நிறுத்துதல், கடனே வாங்காதவனிடம் வட்டி கேட்பதை ஒக்கும்.

அவ்வேளையில் யாம் மாணாக்கர்க்குக் கூறுவது, "தம்பி, சூத்திரத்தைத் தேடாதே, கம்பியின் வழியே நடந்து போ" என்பதுதான். முதலில் கிளைகளில் ஓட்டம் எவ்வளவு என்று காண்க. இடக்கிளையின் மொத்தத் தடை 6 ஓம்; ஆதலின் ஓட்டம் 2 ஆம்பியர். வலக்கிளையின் மொத்தத் தடை 12 ஓம். ஆதலின் ஓட்டம் 1 ஆம்பியர். இனிக் கவிலிருந்து புறப்படுக. ஓட்டம் செல்லும் திசையிலேயே 4 ஓம் தடையைக் கடந்தால் 8 வோல்ட்டு இறங்கிப் பேட்டரியின் எதிர்முனையை அடைகிறோம். ஆண்டிருந்து வலக்கிளையில் 3 ஓம் தடையை ஓட்டத்திற்கு எதிராக ஏறினால், 3 வோல்ட்டு உயர்ந்து சவை அடைகிறோம். இறங்கியது 8, ஏறியது 3. ஆகவே சவானது கவைவிட 5 வோல்ட்டு தாழ்ந்துள்ளது. ஐயமுடையோர் மேல்வழியாகச் செல்க. கவிலிருந்து 2 ஓம் தடையை எதிர்த்து ஏறினால் 4 வோல்ட்டு உயர்வு. நேர்முனையினின்று 9 ஓம் தடை வழியே இறங்கினால் 9 வோல்ட்டுத் தாழ்வு. முடிவில் அதே 5. இன்னும் ஐயம் நீங்காத ஒருவன் சுற்றுவழியே செல்ல விரும்பினால் அதற்கும் தடையில்லை: கவிலிருந்து 8 இறங்கி எதிர்முனைக்கு வந்து, பேட்டரியினூடே 12 ஏறி நேர்முனைக்குப் போய், 9 இறங்கிச் சவுக்கு வருக. அப்போதும் 5 வோல்ட்டே தாழ்வு.

ஓட்டம் அறவே இல்லாத இரு புள்ளிகளுக்கிடையே 5 வோல்ட்டு நிற்கிறது! இதனை முதன்முறை தானே கண்டுகொண்ட மாணாக்கனின் முகத்தைக் காண்பது எம் தொழிலின் இன்பங்களுள் ஒன்று.

எவ்வழி நடந்தாலும் விடை ஒன்றாய் இருப்பதேன் என்று சிலர் வினவுவர். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குக் குன்னூர் வழியாகவும் போகலாம், கோத்தகிரி வழியாகவும் போகலாம். வளைவுகள் வேறு, தொலைவு வேறு, பேருந்தில் வயிறு கலங்கும் இடங்களும் வேறு. ஆயினும் உதகையின் உயரம் வழியைப் பொறுத்து மாறுவதில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் உயரம் உண்டெனின், இரு புள்ளிகளின் உயர வேறுபாடும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்தால் ஏற்றமும் இறக்கமும் ஈடுபட்டுச் சுழியாதலும் வேண்டும். இக்கருத்தை மின்சுற்றுக்கு விதியாக வகுத்தவர் குஸ்தாவ் கிர்க்காஃப் என்னும் ஜெர்மானியர். 1845-ஆம் ஆண்டு அவ்விதிகளை வெளியிட்ட காலத்தில் அவர் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் மாணாக்கர், வயது 21. இதனைக் கேட்டதும் எம் மாணாக்கர் சிலர் நிமிர்ந்து உட்காருவதுண்டு. சிலர் தம் வயதை எண்ணிப் பெருமூச்செறிவதும் உண்டு. அவருக்கு முன்னரே, 1827-இல், பள்ளியாசிரியராய்ப் பணிபுரிந்த கேயார்க் ஓம் தம் நூலை வெளியிட்டிருந்தார். அந்நூலுக்குத் தொடக்கத்தில் அவர் எதிர்பார்த்த மதிப்புக் கிட்டவில்லை. 1841-இல் இலண்டன் அரச சங்கத்தார் அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தனர். கிர்க்காஃபின் விதிக்கும் ஓர் எல்லை உண்டென்பதை மறத்தலாகாது. சுற்றின் நடுவே மாறுகின்ற காந்தப்புலம் ஊடுருவுமாயின், வழிக்கு வழி விடை வேறுபடும். மேசைமேல் கிடக்கும் பேட்டரிக்கும் தடைகளுக்கும் அக்கவலை இல்லை.

பேட்டரியைக் குறித்தும் ஒரு சொல். மேற்கண்ட கணக்கில் பேட்டரிக்கு அகத்தடை இல்லையெனக் கொண்டோம். உலகில் அத்தகைய பேட்டரி இல்லை. அகத்தடை 1 ஓம் என்று வைத்துக்கொள்க. இரு கிளைகளும் சேர்ந்து 4 ஓம் ஆகும்; அகத்தடையோடு 5 ஓம்; மொத்த ஓட்டம் 2.4 ஆம்பியர். பேட்டரியினுள்ளேயே 2.4 வோல்ட்டு வீழ்ந்துவிட, அதன் முனைகளில் எஞ்சுவது 9.6 வோல்ட்டே. அப்போது கவுக்கும் சவுக்கும் இடையே 5 வோல்ட்டன்று, 4 வோல்ட்டே இருக்கும். பேட்டரியின் மேலே அச்சிட்ட எண்ணை நம்பிக் கணக்கிடுவோர் இதனை நினைவிற்கொள்க.

மலையின் உயரத்தைக் கடல்மட்டத்தினின்று அளத்தல் மரபு. மின்சுற்றில் கடல்மட்டம் எது? நாம் எதனைக் கொள்கிறோமோ அதுவே. எதிர்முனையைப் பூமியோடு இணைத்து அதனைச் சுழியென்று கொண்டால், நேர்முனை 12, க 8, ச 3 ஆகும். கவையே பூமியோடு இணைத்துவிட்டாலோ, க சுழி, நேர்முனை 4, ச −5, எதிர்முனை −8 ஆகிவிடும். எண்கள் யாவும் மாறின; கவுக்கும் சவுக்கும் இடையிலுள்ள 5 மட்டும் அசையவில்லை. ஆகவே "இப்புள்ளியின் வோல்ட்டு என்ன?" என்று ஒருவன் கேட்பானாயின், "எப்புள்ளியை நோக்க?" என்று திருப்பிக் கேட்டல் வேண்டும். 11,000 வோல்ட்டுக் கம்பியின்மேல் காக்கை அமர்ந்து இறகு கோதுகிறது. அதன் இரு கால்களும் ஒரே கம்பியின்மேல் உள்ளன; கால்களுக்கிடையே உள்ள ஓரங்குலக் கம்பியில் வீழும் அழுத்தம் பொருட்படுத்தத்தக்கதன்று. அதே காக்கை பறந்தெழும்போது சிறகின் ஒரு நுனி கம்பியிலும் மறு நுனி இரும்புக் கம்பத்திலும் பட்டுவிட்டால், அடுத்த நொடியில் கீழே விழுந்து கிடக்கும். கம்பி மாறவில்லை, காக்கை மாறவில்லை, இரண்டாவது புள்ளி வந்து சேர்ந்ததே வேறுபாடு.

இது கரும்பலகையோடு ஒழியும் செய்தியன்று என்பதை எமக்கு உணர்த்தியவர் எம் தாய்மாமன். அவர் உழவர். கிணற்றடியில் மோட்டார் அறை ஒன்றுண்டு. அதில் ஒரு குண்டு பல்பு. ஒருநாள் மாலை அது எரியவில்லை. வேறு பல்பை மாட்டிப் பார்த்தார், அதுவும் எரியவில்லை. கரண்டு வரவில்லையென்று முடிவு செய்து, பல்பை ஹோல்டரிலேயே விட்டுவிட்டு, விளக்கிலிருந்து திரும்பிச் செல்லும் கம்பியின் இணைப்பை விரலால் தடவிப் பார்த்தார். மறுகணம் பின்னே தூக்கி எறியப்பட்டார். காலடியில் உலர்ந்த பலகை கிடந்தமையாலும், காலில் ரப்பர்ச் செருப்பு இருந்தமையாலும் உயிர் பிழைத்தார். தோள் வலி நீங்கப் பல நாட்கள் ஆயின.

யாம் ஊருக்குச் சென்றிருந்தபோது அவர் எம்மிடம் கேட்ட வினா, எம் வகுப்பு மாணாக்கர் கேட்கும் வினாவேதான். "மருமகனே, நீ படித்தவன், சொல். விளக்கு எரியவில்லை. அப்படியானால் கரண்டு இல்லை. இல்லாத கரண்டு என்னை எப்படி அடித்தது?"

"மாமா, விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அந்தக் கம்பி உங்களை இப்படித் தூக்கி எறிந்திராது. எரியாததனால்தான் அடித்தது" என்றோம். அவர் எம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

நிகழ்ந்தது இது. வீட்டுக்கு வரும் இரு கம்பிகளுள் ஒன்று பூமியை நோக்க 230 வோல்ட்டில் நிற்பது. மற்றது மின்மாற்றியின் அருகே பூமியோடு இணைக்கப்பட்டு ஏறத்தாழச் சுழியில் நிற்பது. இதனை நியூட்ரல் என்பர். அந்நாள் அறுந்திருந்தது நியூட்ரல் கம்பியே; துருவேறிய முறுக்கு ஒன்று எங்கோ விட்டுப்போயிருந்தது. விளக்கு நலமாக எரியும்போது ஓட்டம் அதன் இழையினூடே செல்கிறது. 230 வோல்ட்டும் அவ்விழையிலேயே வீழ்ந்துவிடுகிறது. அப்பாலுள்ள கம்பி சுழியை ஒட்டி நிற்கிறது. நியூட்ரல் அறுந்தபின் ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லாத தடையில் வீழ்ச்சி இல்லை. இங்கேதான் ஓமின் விதி தன் இடத்தில் நின்று பேசுகிறது. வீழ்ச்சி இல்லையெனின் இழையின் இரு முனைகளும் ஒரே அழுத்தத்தில் நிற்கும். ஆகவே இப்பாலுள்ள 230 வோல்ட்டு, சிறிதும் குன்றாமல், விளக்கைக் கடந்து அப்பாலுள்ள கம்பியில் வந்து காத்திருந்தது. விளக்கின் இரு முனைகளுக்கிடையே சுழி. அறுந்த இடத்தின் இரு பக்கங்களுக்கிடையே 230. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகளாக மாறிவரும் இயல்பினது என்பது மெய்யே; ஆயினும் ஒவ்வொரு கணத்திலும் இக்கணக்கு பொருந்தும். நடுவில் பல்பு இருக்கிறதே, அது காவாதோ எனின், 60 வாட்டுப் பல்பின் தடை சுடர்விட்டு எரியும்போதே ஏறத்தாழ 880 ஓம்தான்; குளிர்ந்திருக்கும்போது அதனினும் பன்மடங்கு குறைவு. அது கேடயம் ஆகாது. எரியும் விளக்கின் கம்பியைத் தொடலாம் என்று யாம் சொன்னதாக எவரும் கொள்ளற்க. சுவிச்சை அணைத்தல் மட்டும் போதாது. மெயினையே அணைத்த பின்னன்றி எக்கம்பியையும் தொடலாகாது.

மாமா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் வெளிச்சத்துக்கு அல்ல, இருட்டுக்குத்தான் பயப்பட வேண்டும் என்று சொல்" என்றார். எம் மாணாக்கர் எவரும் இத்துணைச் சுருக்கமாக இப்பாடத்தைச் சொன்னதில்லை.

ஓட்டமின்மையும் வேறுபாடின்மையும் ஒன்றாகவே அமையும் இடமும் உண்டு. முன் கூறிய படத்தில் 9 ஓம் தடையை எடுத்துவிட்டு 1.5 ஓம் தடையை வைப்போம். வலக்கிளையின் மொத்தத் தடை 4.5 ஓம், சவின் அழுத்தம் எதிர்முனையை நோக்க 8 வோல்ட்டு. கவும் 8, சவும் 8. இனி அவ்விரண்டையும் ஒரு கம்பியால் இணைத்தாலும் அதன் வழியே ஓட்டம் செல்லாது. 2-க்கு 4 எவ்வாறோ அவ்வாறே 1.5-க்கு 3 என்பதே இதற்குக் காரணம். பேட்டரி 12 வோல்ட்டாயினும் 6 வோல்ட்டாயினும் இச்சமநிலை குலையாது; பேட்டரி தளர்ந்தாலும் அளவு பிழைபடாது. இக்காரணம்பற்றியே தெரியாத தடையொன்றை அளத்தற்கு இவ்வமைப்பைக் கைக்கொண்டனர். இதற்கு வீட்ஸ்டன் பாலம் என்று பெயர். உண்மையில் இதனை 1833-இல் முதலில் விளக்கியவர் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி. வீட்ஸ்டன் 1843-இல் இதனைப் பலரும் அறியச் செய்தார். கிறிஸ்டியின் பெயரையும் மறவாமல் குறிப்பிட்டார். உலகம் பெயரை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டது. எம் ஆய்வுக்கூடத்தில் பித்தளைச் செருகிகள் நிரம்பிய போஸ்டாபீஸ் பெட்டி என்னும் மரப்பெட்டி ஒன்றுண்டு. பழைய மாணாக்கர் அதனை மறந்திரார்; அதன் செருகிகளுள் ஒன்று தொலைந்த நாளில் அனைவரும் தரையில் தவழ்ந்ததையும் மறந்திரார். அதுவும் இப்பாலமேதான். தந்திக் கம்பிகளைச் சோதித்தற்கு ஆங்கில நாட்டு அஞ்சல் துறையினர் கையாண்டமையால் அப்பெயர் பெற்றது.

கணக்கிட்டு அறிந்த வேறுபாட்டை அளந்தும் அறிய வேண்டுமல்லவா? இங்கேதான் சில ஆண்டுகட்கு முன் ஒரு மாணவி எம்மை மறித்து நிறுத்தினாள். பழைய படமே, ஆனால் அவள் கையிற் கிடைத்த தடைகள் 2, 4, 9, 3 ஓம் அல்ல, 2,000, 4,000, 9,000, 3,000 ஓம். விகிதங்கள் மாறாமையால் கவுக்கும் சவுக்கும் இடையே 5 வோல்ட்டே வருதல் வேண்டும். அவள் கூடத்திலிருந்த பழைய வோல்ட்டுமீட்டரை இணைத்தாள். முள் 1 வோல்ட்டைச் சற்றே கடந்து நின்றுவிட்டது. இணைப்புகளை மும்முறை சரிபார்த்தாள். பிறகு, "ஐயா, கணக்குப் பொய்யா, மீட்டர் பொய்யா?" என்று கேட்டாள்.

இரண்டும் பொய்யல்ல. அம்மீட்டரின் தடை 1,000 ஓம். அதனை வைத்தவுடன், வழியே இல்லாதிருந்த கவுக்கும் சவுக்கும் இடையே ஒரு வழி திறந்துவிட்டது. அதன் வழியே ஓட்டம் பாய்ந்தது. அவ்வோட்டம் இரு கிளைகளிலும் உள்ள ஓட்டங்களை மாற்றியது. அதனால் கவின் உயரமும் சவின் உயரமும் மாறின. மாறியபின் உள்ள வேறுபாட்டையே மீட்டர் நேர்மையாகக் காட்டியது. கணக்கிட்டுப் பார்த்தால், மீட்டரின் இரு முனைகளிலிருந்து நோக்குவார்க்கு அச்சுற்று 5 வோல்ட்டும் ஏறத்தாழ 3,583 ஓம் அகத்தடையும் உடைய ஒரு பேட்டரியைப் போலவே தோன்றும். 1,000 ஓம் மீட்டரை அதன்மேல் வைத்தால் மீட்டருக்குக் கிடைப்பது 1.09 வோல்ட்டே. முதலிற் சொன்ன 2, 4, 9, 3 ஓம் தடைகளாயின் அதே மீட்டர் 4.98 காட்டியிருக்கும், பிழை கண்ணுக்கே புலப்பட்டிராது. 1 கோடி ஓம் தடையுடைய இக்காலத்து டிஜிட்டல் மீட்டரை வைத்திருந்தால், அவள் சுற்றிலும் 5-க்கு மிக அண்மையான எண்ணே வந்திருக்கும். அவளும் கேள்வி கேளாமல் வீடு சென்றிருப்பாள். பழைய மீட்டர்களை இன்னும் எறியாமல் வைத்திருப்பதற்கு எமக்கு இதுவும் ஒரு காரணம்.

அவளுக்குப் புதிய மீட்டரை யாம் கொடுக்கவில்லை. அலமாரியின் மேலிருந்த பொட்டென்ஷியோமீட்டர்ப் பலகையை இறக்கித் தூசி தட்டினோம். 1841-இல் போகெண்டார்ஃப் வகுத்த முறை அது. பத்து மீட்டர்க் கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே வேறொரு பேட்டரியால் 8 வோல்ட்டு நிறுத்தினோம், மீட்டருக்கு 0.8 வோல்ட்டு வீதம் இறங்கும் ஒரு சரிவு கிடைத்தது. கவைக் கம்பியின் உயர்முனையிலும், சவைக் கால்வனாமீட்டர் வழியே நகரும் சாவியிலும் இணைத்தாள். கம்பியின்மேல் சாவியைத் தொட்டுத் தொட்டு நகர்த்தினாள். முள் முதலில் ஒருபுறம் சாய்ந்தது. அப்பாற் சென்று தொட்டபோது மறுபுறம் சாய்ந்தது. இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் அசையாது நின்றது. அந்நிலையில் கவிலிருந்தோ சவிலிருந்தோ சிறிதும் ஓட்டம் எடுக்கப்படுவதில்லை. சுற்று, தன்னை எவரும் அளக்கவில்லை என்பது போலவே இருக்கிறது. அவள் குனிந்து அளவுகோலைப் படித்தாள். 6 மீட்டர் 25 சென்டிமீட்டர். 0.8 ஆல் பெருக்கிக் குறிப்பேட்டில் 5 என்று எழுதி, அதன் கீழே இருமுறை கோடிட்டாள்.